புதுசா திறக்குற கேத்தலிக் ப்ரைமரி ஸ்கூல், நாங்க இந்து. பூசை, பண்டிகை எல்லாம் எப்படி இருக்கும்?

முதல்ல உங்க கேள்வியைச் சுருக்கிடறேன், இனிமே படிக்க வர்றவங்களுக்கும் புரியட்டும். மெல்போர்ன் மேற்குப் பக்கம் புது எஸ்டேட்ல வீடு கட்டிக் குடிவந்திருக்கீங்க, நடக்குற தூரத்துல அடுத்த வருஷம் ஒரு கேத்தலிக் ப்ரைமரி ஸ்கூல் புதுசா திறக்குது, பொண்ணுக்கு ப்ரெப்ல (ஒண்ணாங் கிளாசுக்கு முந்தின வருஷம்) இடம் கிடைச்சாச்சு. நீங்க இந்துக் குடும்பம், அங்க பூசையும் (கேத்தலிக் சர்ச்ல நடக்குற மாஸ்) பண்டிகையும் எவ்வளவு இருக்கும், கட்டாயமா, புது ஸ்கூல்ல பழக்கமானவங்கன்னு யாராவது இருப்பாங்களா, தீபாவளி கொண்டாடுவாங்களா, இவ்வளவுதான் கேட்டிருக்கீங்க. ஆனா கடைசியில ஒரு வரி போட்டிருக்கீங்களே, "எல்லாரும் உள்ள இருக்கும்போது என் பொண்ணு மட்டும் வாசல்ல நிக்கக் கூடாது"ன்னு, நிஜமான கேள்வி அதுதான்னு எனக்குத் தோணுது. அதுக்குத்தான் பதில் எழுதப் போறேன், மத்ததெல்லாம் அதுக்குள்ளயே வந்துடும்.

நான் யாருன்னு சொல்லிடறேன். தூத்துக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்த கேத்தலிக், இங்க மெல்போர்ன்ல 16 வருஷமா கேத்தலிக் ப்ரைமரி ஸ்கூல்ல கிளாஸ் டீச்சர், அதுல ஒரு ஸ்கூல் திறந்த முதல் நாள்ல இருந்து நாலு வருஷம் இருந்தேன். சமயக் கல்வி நடத்துறதுக்கு இங்க தனியா படிச்சு அக்ரெடிட்டேஷன் வாங்கணும், அதுவும் இருக்கு. ஆனா நான் சொல்றது மெல்போர்ன் பேராயம், அதாவது இங்க இருக்குற ஆர்ச்பிஷப்போட நிர்வாகம், நடத்துற ஸ்கூல்களைப் பத்தி மட்டும்தான். சிட்னி, பிரிஸ்பேன் எல்லாம் அந்தந்த ஊர் பிஷப்போட மறைமாவட்டம் வச்சதுதான் வழக்கம், இதை அப்படியே அங்க பொருத்திப் பார்க்காதீங்க.

இடம் கிடைச்சதுல உங்களுக்கு ஒரு சின்ன சந்தேகம் இருந்துச்சு, "எங்களுக்கு எப்படிக் கொடுத்தாங்க"ன்னு. அட்மிஷனுக்கு ஒரு வரிசை வச்சிருக்காங்க, அந்தப் பாரிஷ்ல (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதி) இருக்குற கேத்தலிக் பிள்ளைங்க முதல்ல, அப்புறம் மத்த பாரிஷ் கேத்தலிக் பிள்ளைங்க, அப்புறம் ஆர்த்தடாக்ஸ் மாதிரி கிழக்குச் சபைக்காரங்க, அப்புறம் மத்த கிறிஸ்தவங்க, கடைசியில மத்த எல்லாரும். பழைய பெரிய ஸ்கூல்ல அந்தக் கடைசி வரிசை வரைக்கும் இடம் மிஞ்சாது, புது ஸ்கூல்ல மிஞ்சும். உங்களைப் பாவம் பார்த்துச் சேர்த்துக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க, அவங்களுக்குப் பிள்ளைங்க வேணும், உங்க பொண்ணும் அதுல ஒருத்தி. அரசாங்கப் பணமும் இதுல நிறையவே இருக்கு. விக்டோரியாவுல 1872-ல கல்விச் சட்டம் வந்து, அரசு ஸ்கூல் எல்லாம் இலவசம், கட்டாயம், சமயச் சார்பில்லைன்னு ஆனப்போ சர்ச் ஸ்கூல்களுக்கு அரசு கொடுத்த காசு நின்னுபோச்சு, ஐரிஷ் கன்னியாஸ்திரிகளையும் பிரதர்களையும் வரவழைச்சு பிஷப்புங்க சொந்தமா ஓட்டினாங்க. 1962-ல நியூ சவுத் வேல்ஸ் கோல்பர்ன்ல ஒரு கேத்தலிக் ஸ்கூல்ல இன்னும் டாய்லெட் கட்டியே ஆகணும்னு அரசு சொல்ல, காசில்லைன்னு ஊர்ல இருந்த கேத்தலிக் ஸ்கூல்களையே மூடிட்டு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் அரசு ஸ்கூல் வாசல்ல நின்னு சேர்த்துக்கோங்கன்னுட்டாங்க. மூடின அந்த ஸ்கூல்கள்ல படிச்சது கிட்டத்தட்ட 2000 பிள்ளைங்க. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா உதவி திரும்ப வந்துச்சு, இன்னைக்கு ஆஸ்திரேலியாவுல அஞ்சுல ஒரு பிள்ளை கேத்தலிக் ஸ்கூல்லதான் படிக்குது. முன்னெல்லாம் மெல்போர்ன்ல பாரிஷ் ஃபாதர்தான் ஸ்கூலுக்கு முதலாளி, 2021 ஜனவரியில இருந்து பேராயத்தோட கல்வி நிறுவனம் மொத்தத்தையும் எடுத்துக்கிச்சு. அதனால ஃபீஸ், அட்மிஷன், புகார் எதுவா இருந்தாலும் பிரின்சிபல்கிட்டதான் பேசணும், ஃபாதர்கிட்ட போகாதீங்க, பாவம் அவருக்கு ஏற்கனவே ரெண்டு மூணு கோயில் (நாங்க சர்ச்சைக் கோயில்னுதான் சொல்வோம்) இருக்கும்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம், நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் வழுக்குற இடம் இதுதான். நீங்களும் கான்வென்ட்ல படிச்சவங்கன்னு எழுதியிருக்கீங்க. நம்ம ஊர் கான்வென்ட்ல எப்படி, கேத்தலிக் பிள்ளைங்க ஞானோபதேச கிளாசுக்குப் போகும், மத்த பிள்ளைங்க பக்கத்து ரூம்ல நீதிபோதனைக்கு உக்காரும், திருக்குறள்ல ரெண்டு, ஈசாப் கதையில ரெண்டு, மணி அடிச்சா எழுந்து வந்துடலாம். அந்த நினைப்போட இங்க வராதீங்க. இங்க ரெண்டு ரூம் கிடையாது. சமயக் கல்வி ஒரு பாடம், கணக்கு மாதிரி எல்லாருக்கும் உண்டு, ரிப்போர்ட் கார்டுல வரும். உங்க பொண்ணு சிலுவை அடையாளம் போடக் கத்துக்குவா, அருள் நிறைந்த மரியேயை இங்கிலீஷ்ல சொல்வா, சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் சொல்வா, வீட்டுல சாம்பார் சாதத்துக்கு முன்னாடியும் சொல்வா, நீங்க ரெண்டு பேரும் முழிப்பீங்க. சேரும்போது கையெழுத்து போடுற ஃபார்ம்லயே ஸ்கூலோட சமய வாழ்க்கையை ஆதரிக்கிறோம்னு ஒரு வரி இருக்கும், படிச்சுட்டுப் போடுங்க. எங்களுக்கு இதெல்லாம் வேணாம்னு ஒதுங்குறதுக்கு நடைமுறையில வழியே இல்ல. இது உறுத்தும்னா அரசு ஸ்கூல்தான் சரி, அதுல வெட்கப்பட எதுவும் இல்ல, அரசு ஸ்கூல் இங்க நல்லாவே இருக்கு.

மதம் மாத்துவாங்களான்னு நீங்க நேரா கேக்கல, கமென்ட்ல வேற ஒருத்தர் கேட்டுட்டார். மாட்டாங்க. பெத்தவங்க சம்மதம் இல்லாம ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க சபைச் சட்டமே சாதாரணமா இடம் கொடுக்காது, 16 வருஷத்துல ஒரு டீச்சர் அப்படி யாரையும் தூண்டி நான் பார்த்ததும் இல்ல. கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல வத்திக்கான் சங்கத்துல (உலகத்து பிஷப்புங்க எல்லாம் கூடின மாநாடு) ஒரு ஆவணம் போட்டுச்சு, அதுல இந்து மதத்தைப் பேர் சொல்லியே குறிப்பிட்டு, மத்த மதங்கள்ல இருக்குற உண்மையையும் புனிதத்தையும் நாங்க ஒதுக்கலைன்னு சொல்லியிருக்காங்க, எங்களுக்கெல்லாம் டிரெய்னிங்ல அதைப் படிக்க வைப்பாங்க. ஆனா ஒண்ணு, அஞ்சு வயசுப் பிள்ளை ஏழு வருஷம் தினமும் கேக்குறது மனசுல ஒட்டத்தான் செய்யும். ஒட்டாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வீட்டுல நீங்க என்ன சொல்றீங்க, என்ன செய்யிறீங்கங்கிறதும் அதே அளவுக்கு ஒட்டும்.

கிளாசுக்குள்ள தினசரி பெருசா ஒண்ணும் இருக்காது. ஒரு மூலையில ஜெப மேசை, மேல ஒரு துணி, ஒரு சிலுவை, பைபிள், மெழுகுவர்த்தி. நிஜ மெழுகுவர்த்தி பல இடத்துல விடமாட்டாங்க, பேட்டரியில எரியுறதுதான். அந்தத் துணி வழிபாட்டுக் காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறும், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கும் கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துக்கும் ஊதா, ஈஸ்டர் கிறிஸ்மஸுக்கு வெள்ளை, பெந்தகோஸ்தே அன்னிக்கு சிவப்பு, மத்த நாளெல்லாம் பச்சை. பிள்ளைங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ப்ரெப் பிள்ளை காலண்டர் கத்துக்கிறதுக்கு முன்னாடியே துணியோட கலரை வச்சு ஈஸ்டர் எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு சொல்லும். சாப்பாட்டு இடைவேளை முடிஞ்சு வந்ததும் சில கிளாஸ்ல அஞ்சு நிமிஷம் கண்ணை மூடி அமைதியா உக்கார வைப்பாங்க, கிறிஸ்தவ தியானம்னு பேர். எங்க கிளாஸ்ல ஒரு குஜராத்திப் பையன் அதுல மத்த எல்லாரையும் விட நேரா உக்காருவான், தாத்தா சொல்லிக் கொடுத்ததாம்.

புது ஸ்கூலோட விசேஷம் என்னன்னா, அங்க எதுவுமே இருக்காது. இதை நான் குறையா சொல்லல. பழைய ஸ்கூலுக்குப் போனீங்கன்னா 1950-கள்ல எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோவுல இருந்து, யாருக்கும் அர்த்தம் தெரியாத ஒரு பழைய ஸ்கூல் பாட்டு, "நாங்க எப்பவும் இப்படித்தான் செய்வோம்"னு சொல்ற ஒரு பாட்டி வரைக்கும் எல்லாம் இருக்கும், அதுக்குள்ள நுழையத்தான் நமக்கு நாள் ஆகும். நான் வேலை பார்த்த புது ஸ்கூல் திறந்தப்போ கோயில் கிடையாது, ஹால் கிடையாது, நாலே கிளாஸ், ரெண்டு போர்ட்டபிள் ரூம், வேலிக்கு அந்தப் பக்கம் ஜேசிபி ஓடிக்கிட்டே இருக்கும். முதல் பூசை, வருஷத் தொடக்கப் பூசை, லைப்ரரிக்குன்னு வச்சிருந்த ரூம்ல மடக்கு மேசையில நடந்துச்சு. பாத்திரங்கள் எல்லாம் ஃபாதர் கார் டிக்கியில கொண்டு வந்தார், அவர் கேரளாக்காரர், வேற ரெண்டு கோயிலையும் பார்த்துக்கிட்டிருந்தார். பாட்டு பாட யாருக்கும் பாட்டு தெரியாது. ப்ரொஜெக்டர்ல வரி ஓடுது, டீச்சர்ங்க நாலு பேர் மட்டும் பாடுறோம், அறுபது எழுபது பிள்ளைங்க எங்க வாயையே பார்த்துக்கிட்டு நிக்குதுங்க, எப்ப எழுந்து நிக்கணும் எப்ப உக்காரணும்னு கேத்தலிக் பிள்ளைக்கும் தெரியல, மத்த பிள்ளைக்கும் தெரியல. அங்கதான் உங்களுக்கு நான் சொல்ல வர்ற விஷயம் இருக்கு. எல்லாரும் ஒரே நாள்ல கத்துக்க ஆரம்பிக்கிற இடத்துல வாசல்னு ஒண்ணு இன்னும் வைக்கவே இல்ல. உள்ள யாரு வெளிய யாருன்னு பிரியறதுக்கு முன்னாடியே உங்க பொண்ணு உள்ள உக்காந்திருப்பா.

விபூதிப் புதன் கதையைச் சொல்லியே ஆகணும், தவக்காலம் ஆரம்பிக்கிற நாள், நெத்தியில சாம்பல் பூசுவாங்க. நம்ம ஊர் கத்தோலிக்கருக்கு அது விபூதிப் புதன், திருநீற்றுப் புதன், சாம்பல் புதன்னும் சொல்வாங்க. அந்தச் சாம்பலைப் போன வருஷக் குருத்து ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு) கொடுத்த ஓலையை எரிச்சுத்தான் எடுக்குறது வழக்கம். புது ஸ்கூலுக்குப் போன வருஷம்னு ஒண்ணே இல்லையே, ஓலைக்கு எங்க போறது. பக்கத்துப் பாரிஷ்ல இருந்து ஒரு சின்ன டப்பாவுல சாம்பல் கடன் வாங்கிட்டு வந்தோம். இன்னொரு கூத்தும் உண்டு, பிப்ரவரியில ப்ரெப் பிள்ளைங்களுக்குப் பல ஸ்கூல்ல புதன்கிழமை லீவு விடுவாங்க, பழகட்டும்னு, விபூதிப் புதன் சீக்கிரம் வர்ற வருஷம் ப்ரெப் மட்டும் அன்னைக்கு வீட்டுல இருக்கும். எங்களுக்கு அந்த வருஷம் தப்பிச்சுது, மார்ச்ல வந்துச்சு. ஒரு தமிழ்ப் பொண்ணு வரிசையில வந்து நெத்தியில பூசினதும் திரும்பி என்கிட்ட தமிழ்லயே சொன்னா, "மிஸ், இது எங்க வீட்டுல வெள்ளையா இருக்கும், தாத்தா தினமும் பூசுவாங்க". நான் சிரிச்சுட்டேன், பக்கத்துல நின்ன ஆஸ்திரேலிய டீச்சருக்கு மொழிபெயர்த்துச் சொன்னா அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, எதுக்குன்னு எனக்கு இன்னும் முழுசா புரியல. விஷயம் என்னன்னா, விபூதியை ஞானஸ்நானம் வாங்காதவங்களும் பூசிக்கலாம், அது ஞானஸ்நானம், நற்கருணை மாதிரி திருவருட்சாதனம் (சாக்ரமென்ட்) கிடையாது. வேணாம்னாலும் ஒண்ணும் ஆகாது, கையைக் கட்டிட்டு உக்காந்துக்கலாம்.

மீதி வருஷத்தை வேகமா சொல்றேன். விபூதிப் புதனுக்கு முந்தின நாள் பான்கேக், அப்பா அம்மாங்க வந்து சுட்டுக் கொடுப்பாங்க. தவக்காலத்துல காரித்தாஸ்ங்கிற கேத்தலிக் உதவி அமைப்போட ப்ராஜெக்ட் கம்பேஷன் அட்டை உண்டியல் வீட்டுக்கு வரும், சில்லறை போட்டுத் திருப்பி அனுப்பணும், இப்ப யார்கிட்ட சில்லறை இருக்கு, அது வேற பிரச்சனை. மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் நாளை ஒட்டி சிட்டி கதீட்ரல்ல ஸ்கூல்களுக்குன்னு பெரிய பூசை, ஒவ்வொரு ஸ்கூல்ல இருந்தும் பெரிய கிளாஸ் பிள்ளைங்க கொஞ்ச பேர் போவாங்க. ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துல பிள்ளைங்களே சிலுவைப் பாதை, அதாவது இயேசு சிலுவை சுமந்து போய் இறந்த கதை, நடிச்சுக் காட்டும், ப்ரெப் பிள்ளைக்கு அது கொஞ்சம் பயமா இருக்கலாம், வீட்டுல முன்கூட்டியே பேசிடுங்க. ஏப்ரல் 25 ஆன்சாக் நாள் (போர்ல இறந்த வீரர்களை நினைக்கிற நாள்), மே ரெண்டாவது ஞாயிறு அன்னையர் தினம், செப்டம்பர் முதல் ஞாயிறு அப்பாக்களுக்கு, அந்த வாரம் காலை ஏழரைக்கே வேலைக்குப் போற அப்பாங்க டையோட நின்னு பேக்கன் ரோல் சாப்பிடுவாங்க. ஜூலை கடைசியில மரியாவோட அப்பா அம்மா சுவக்கீன் அன்னாள் திருநாள், அதை ஒட்டி தாத்தா பாட்டி தினம், ஊர்ல இருந்து உங்க அம்மா வந்திருந்தாங்கன்னா கட்டாயம் புடவையோட கூட்டிட்டுப் போங்க, கிளாஸ் மொத்தமும் சுத்தி உக்காந்துக்கும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் சமயத்துல செத்துப்போன தாத்தா, நாய்க்குட்டி எல்லார் பேரும் எழுதி ஜெப மேசையில வைப்பாங்க. டிசம்பர்ல 35 டிகிரி வெயில்ல கேரல்ஸ், ப்ரெப் பிள்ளைங்கதான் கிறிஸ்து பிறப்பு நாடகம் போடும். மாதா வேஷம் கேத்தலிக் பிள்ளைக்குத்தான்னு எந்த விதியும் இல்ல, நான் பார்த்த வரைக்கும் கடைசி நிமிஷத்துல அழாத பிள்ளைக்குக் கிடைக்கும்.

ஆகஸ்ட் 8-ஐ மட்டும் தனியா சொல்லணும், மேரி மக்கிலப் திருநாள். ஆஸ்திரேலியாவோட முதல் புனிதை, 2010 அக்டோபர்ல பதினாறாம் பெனடிக்ட் போப் புனிதையா அறிவிச்சார், பிறந்தது நம்ம மெல்போர்ன் ஃபிட்ஸ்ராய்ல 1842-ல. சவுத் ஆஸ்திரேலியாவுல பெனோலாங்கிற ஊர்ல 1866-ல ஒரு பழைய குதிரை லாயத்தைச் சரிபண்ணி ஏழைப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் நடத்தினவங்க. 1871-ல பிஷப்போட மோதல் வந்து சபையை விட்டே விலக்கி வச்சுட்டாங்க, அஞ்சாறு மாசத்துல அந்த பிஷப்பே சாகுற தறுவாயில அதை ரத்து பண்ணினார். போர்ட்டபிள் ரூம்ல உக்காந்துக்கிட்டு குதிரை லாயக் கதையைக் கேட்டப்போ எங்க பிள்ளைங்களுக்கு வந்த பெருமை இருக்கே, அடுத்த ஒரு மாசம் எங்க ரூமுக்கு லாயம்னுதான் பேர். அதைவிட அவங்களைக் கவ்விக்கிட்டது பிஷப் வெளியே போன்னு சொன்ன பகுதிதான். ஒரு பையன் கேட்டான், "அப்ப அவங்க கம்யூனியன் வாங்க முடியாதா, எங்களை மாதிரியா?" அவன் சீக்கியக் குடும்பத்துப் பையன். எனக்குப் பதில் உடனே வரல.

ஏன்னா அந்த ஒரு கோடு நிஜமாவே இருக்கு, அதை மறைச்சு உங்களுக்கு எழுதினா இந்தப் பதிலுக்கே அர்த்தமில்ல. நற்கருணை, அதாவது அந்தப் பையன் கேட்ட கம்யூனியன், பூசையில கொடுக்குற அப்பம், கேத்தலிக் ஞானஸ்நானம் வாங்கிப் புது நன்மை (முதல் தடவையா நற்கருணை வாங்குறது) எடுத்தவங்களுக்குத்தான். உங்க பொண்ணு பூசையில வாசகம் வாசிக்கலாம், பாடலாம், காணிக்கைப் பவனியில போகலாம், நன்மை வாங்க முடியாது, இதுல பிரின்சிபலோ ஃபாதரோ வளைஞ்சு கொடுக்க வழியில்ல. கையை மார்புல குறுக்கா வச்சுக்கிட்டு வரிசையில வந்தா ஃபாதர் ஆசீர் கொடுப்பார், அது இங்க பரவலா இருக்குற பழக்கம், எழுதப்பட்ட விதி இல்ல, இடத்துக்கு இடம் மாறும். ப்ரெப், ஒண்ணு, ரெண்டுல இது தெரியவே தெரியாது, ஏன்னா கேத்தலிக் பிள்ளையும் இன்னும் வாங்க ஆரம்பிச்சிருக்காது, எல்லாரும் கையைக் குறுக்கா வச்சுக்கிட்டுத்தான் வரும். மூணாம் வகுப்புல ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம், ஃபாதர்கிட்ட தப்பைச் சொல்லி மன்னிப்பு கேக்குறது), மூணு இல்லைன்னா நாலாம் வகுப்புல புது நன்மை, ஆறாம் வகுப்புல உறுதிபூசுதல் (கன்ஃபர்மேஷன்), மெல்போர்ன்ல பெரும்பாலும் இதுதான் வரிசை. பிரிஸ்பேன்ல உறுதிபூசுதலை முன்னாடியே கொடுத்துடுவாங்க. அந்த மூணு நாலாம் வகுப்புலதான் வலிக்கும். கிளாஸ்ல பல வாரம் அதே பேச்சு, கூட்டாளிங்களுக்கு வெள்ளை கவுன், கேக், வீட்டுல விருந்து, தாத்தா பாட்டி வெளிநாட்டுல இருந்து வர்றாங்க, உங்க பொண்ணு பாடத்தை மட்டும் படிச்சுட்டு உக்காந்திருப்பா. புது ஸ்கூல்லயும் இது உண்டு, மூணு வருஷம் தள்ளி வரும், அவ்வளவுதான். அழுத பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். ஒரு வீட்டுல அந்தப் பிள்ளையோட ஏக்கத்துக்காகவே ஞானஸ்நானம் கொடுத்துடலாமான்னு என்கிட்ட வந்து கேட்டாங்க, கவுனுக்காக வேணாம்னு நான்தான் சொன்னேன், டீச்சரா அப்படிச் சொல்லியிருக்கணுமான்னு இன்னும் யோசிக்கிறேன். நல்லா சமாளிச்ச குடும்பங்கள் என்ன பண்ணாங்கன்னா, ரெண்டாம் வகுப்பு முடியும்போதே பிள்ளைகிட்ட உடைச்சுப் பேசிட்டாங்க, இது அவங்க வீட்டு விசேஷம், உனக்கு நம்ம வீட்டு விசேஷம் இருக்குன்னு, அப்புறம் புது நன்மை அன்னைக்குப் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டாளிக்குப் பரிசு கொடுக்க வச்சாங்க. அந்த ஞாயித்துக்கிழமை வீட்டுலயே இருந்துட்ட பிள்ளைங்கதான் திங்கக்கிழமை ஸ்கூலுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்துச்சு.

ஒப்புரவுன்னதும் இன்னொண்ணு, கேக்கத் தயங்கியிருப்பீங்க. கேத்தலிக் நிறுவனங்கள் உள்பட பல நிறுவனங்கள்ல பிள்ளைங்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை ராயல் கமிஷன் (அரசு அமைச்ச விசாரணை ஆணையம்) விசாரிச்சு 2017 டிசம்பர்ல இறுதி அறிக்கை கொடுத்துச்சு, படிக்கவே நெஞ்சு பதறும். அதை மூடி மறைச்சுப் பேசுற கேத்தலிக் ஆளுங்களை நம்பாதீங்க. இப்ப விக்டோரியாவுல 2022 ஜூலையில இருந்து 11 குழந்தைப் பாதுகாப்பு விதிகள் எல்லா ஸ்கூலுக்கும் சட்டப்படி உண்டு, பாவசங்கீர்த்தனத்துல கேட்டதா இருந்தாலும் குருமார் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும்னு 2020-ல சட்டமும் வந்தாச்சு. நான் போன இடங்கள்ல பிள்ளைங்களோட முதல் ஒப்புரவு கோயில்ல திறந்த இடத்துல, அப்பா அம்மா பார்த்துக்கிட்டிருக்க நாற்காலி போட்டுத்தான் நடந்துச்சு. உங்க ஸ்கூல்ல இந்த விதிகளை எப்படிச் செயல்படுத்துறாங்கன்னு டூர் போகும்போது நேராவே கேளுங்க, கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுக்கிட்டா அதுவே உங்களுக்குப் பதில்.

கம்யூனிட்டி இருக்குமான்னா, முதல் வருஷம் இருக்காது, நீங்கதான் அது. கிண்டலா சொல்லல. பெத்தவங்க சங்கம், சாசேஜ் சிசில் (சாசேஜ் சுட்டுக் கொடுக்குற கூட்டம்), எல்லாரும் சேர்ந்து மரம் நடுற வொர்க்கிங் பீ, விளையாட்டு அணிக்கு வைக்குற ஹவுஸ் பேரு, ஸ்கூல் ஜெபம், ஸ்கூல் பாட்டு, எல்லாம் அந்த முதல் ரெண்டு வருஷத்துல வர்றவங்க கையாலதான் முடிவாகும். வேலன்டியர் பண்ண வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக் (பிள்ளைங்களோட பழகுறவங்களுக்கான பின்னணிச் சோதனை) வேணும், வேலன்டியருக்கு இலவசம், அஞ்சு வருஷம் செல்லும், இப்பவே ரெண்டு பேரும் அப்ளை பண்ணி வச்சுக்கோங்க, ஜனவரியில எல்லாரும் ஒரே நேரத்துல ஓடுவாங்க. எங்க ஸ்கூல்ல முதல் சாசேஜ் சிசில்ல வெஜ் சாசேஜே இல்ல, யாருக்கும் தோணல, பாதிப் பிள்ளைங்க வெறும் பிரெட்ல சாஸ் ஊத்தித் தின்னுச்சு. அடுத்த தடவை ரெண்டு தமிழ் அப்பாவும் ஒரு பஞ்சாபி அம்மாவும் சேர்ந்து தனி தட்டு, தனி இடுக்கின்னு வச்சு நடத்தினாங்க, இன்னைக்கு அது அந்த ஸ்கூலோட "எப்பவும் இப்படித்தான்". பழைய ஸ்கூல்ல இதே மாற்றத்துக்கு மூணு மீட்டிங் ஆகியிருக்கும். 2021 கணக்கெடுப்புல ஆஸ்திரேலியாவுல வீட்டுல தமிழ் பேசுறவங்க 95 ஆயிரத்துக்கு மேல, புறநகர் புது எஸ்டேட்கள்ல நம்மாளுங்க நிறையவே இருக்காங்க, அதனால கேட்ல தமிழ்க் குரல் கேக்காம இருக்காது. ஆனா நம்மாளுங்களோடயே ஒரு ஓரமா நின்னு பேசி முடிச்சுட்டு வந்துடாதீங்க, அந்தத் தப்பை நான் முதல் வருஷம் நிறைய பார்த்தேன், அப்புறம் பர்த்டே பார்ட்டிக்குக் கூப்பிடலன்னு வருத்தப்படுவோம்.

கஷ்டமும் சொல்லிடறேன். கூட்டுக் கிளாஸ் இருக்கலாம், ப்ரெப்பும் ஒண்ணும் சேர்ந்து. ப்ரெப் பிள்ளைக்குக் கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆறாம் வகுப்பு அண்ணன் அக்கான்னு வழக்கமா ஒரு துணை (buddy) இருப்பாங்க, புது ஸ்கூல்ல மேல் வகுப்புல ஆளே இல்லாம அது முதல் வருஷம் நடக்காது. பிரின்சிபல் மாறினா ஸ்கூலே மாறின மாதிரி இருக்கும், பழைய ஸ்கூல்ல அப்படி இல்ல. இன்னொண்ணு, முதல் வருஷப் பெத்தவங்களே மூணாம் வருஷம் வர்றவங்களுக்குப் பழைய பாட்டியா மாறிடுவாங்க, எங்க ஸ்கூல்ல அது நடந்துச்சு, யார் முதல்ல வந்தோம்னு ஒரு சின்ன ஜாதியே உருவாகிடுச்சு, சரிபண்ண நாள் ஆச்சு.

ஸ்கூல் கட்டடத்தை ஆசீர்வதிக்கிற மந்திரிப்பு விழாவை மட்டும் தவற விடாதீங்க. ஸ்கூல் திறந்ததும் நடக்காது, கட்டடம் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு வைப்பாங்க, பிஷப் வருவார், கட்டடத்துல அரசாங்கப் பணம் இருக்குறதால அரசு சார்புல ஒருத்தர் வந்து கல்வெட்டு திறப்பார், முதல்ல அந்த மண்ணோட ஆதிக்குடிகளுக்கு மரியாதை சொல்லி அவங்கள்ல ஒருத்தர் வரவேற்பு கொடுப்பாங்க. அப்புறம் ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு சிலுவையை பிஷப் மந்திரிச்சுக் கொடுக்க, பிள்ளைங்களே கொண்டு போய் அவங்கவங்க ரூம்ல மாட்டுவாங்க, அவர் பின்னாடியே தீர்த்தம் தெளிச்சுக்கிட்டு வருவார். எங்க ப்ரெப் ரூம் சிலுவையைத் தூக்கிட்டுப் போனது சீட்டுக் குலுக்கல்ல வந்த ஒரு இந்துப் பையன், அவங்க அம்மா புதுமனை புகுவிழா மாதிரியே இருக்குன்னு சொல்லி வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நுழைஞ்சாங்க, பின்னாடி வந்த ரெண்டு மூணு பேர் கழட்டணும் போலன்னு அவங்களும் கழட்டிட்டாங்க.

தீபாவளி கொண்டாடுவாங்களான்னு கேட்டீங்க. இது மட்டும் பிரின்சிபலைப் பொறுத்தது, நான் உறுதி கொடுக்க முடியாது. மார்ச்ல ஹார்மனி வாரத்துக்கு (பல கலாச்சாரங்களைக் கொண்டாடுற வாரம்) பட்டுப்பாவாடை போட்டு வரச் சொல்வாங்க, அது அநேகமா நிச்சயம். தீபாவளிக்குக் கிளாஸ்ல விளக்கு பத்தி உங்களைப் பேசக் கூப்பிடலாம், நான் கூப்பிட்டிருக்கேன். நம்ம வீட்டுல சாமி கும்பிடுற மாதிரி எதையும் எதிர்பார்க்காதீங்க, பலகாரம் கொடுக்குறதா இருந்தா நட்ஸ் இல்லாம, முன்கூட்டியே கேட்டுட்டு.

பொட்டு, தோடு விஷயம்: சின்ன ஸ்டட் தோடு பிரச்சனை இல்ல, வளையம் தொங்கட்டான் விளையாடும்போது மாட்டும்னு விடமாட்டாங்க. பொட்டுக்கு யாரும் தடை சொல்லி நான் பார்க்கல, ஆனா யூனிஃபார்ம் பாலிசியில அந்த வார்த்தையே இருக்காது, அதனால ஜனவரிக்கு முன்னாடி பிரின்சிபலுக்கு ஒரு இமெயில் போட்டு எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க. சாந்துப் பொட்டு வேணாம், ஸ்டிக்கரே வைங்க, பிப்ரவரி வெயில்ல ப்ளேகிரவுண்ட் போயிட்டு வந்தா சாந்து மூக்கு வரைக்கும் வழிஞ்சிருக்கும்.